ரத்மீர் பிரபு புனிதர் அல்லர்

உட்காருங்கள், சாமி. கணப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், இந்தப் பெரெஸ்தோவ் ஊரின் ஈரம் எலும்புக்குள் இறங்காமல் விடாது. இது கறுப்பு ரொட்டியைப் புளிக்கவைத்து இறக்கிய பானம். குடியுங்கள். ஏன் தயங்குகிறீர்கள்? சரி, நானே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுகிறேன். பார்த்தீர்களா? இனி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நானாக இருந்தாலும் இப்படித்தான் தயங்கியிருப்பேன்; அதற்காக உங்களை மதிக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? ஆயர் உங்களை அனுப்பி நீங்கள் இங்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதலில் துறையில் துணி வெளுப்பவளிடம் போனீர்கள். பிறகு படகோட்டியிடம். பிறகு கோயில் வாசலில் கையேந்தும் கால் விளங்காதவனிடம். ரத்மீர் பிரபுவின் மாளிகையில் கிடங்குச் சாவிகளை இடுப்பில் சுமந்தவன் நான். அவர் என்ன உண்டார், எதை உண்ணாமல் விட்டார் என்பது வரை அறிந்தவன் நான். என்னிடம் கடைசியில் வந்திருக்கிறீர்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். யாரோ உங்களிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். இல்லையா? இல்லை என்று தலையசைக்க உங்களுக்குச் சற்றே நேரம் பிடித்தது. அதையும் கவனித்தேன்.

இருக்கட்டும். எழுத்தறியாத கிழவன் உளறுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஊரில் குருமாருக்கு அடுத்தபடியாக எழுத்தை அறிந்தவன் நான் ஒருவனே. எவரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கோயிலில் வேதம் வாசிப்பவர் சங்கீதப் புத்தகத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கும்போது, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, எந்த ஒலிக்கு எந்த உருவம் என்று நானே பிடித்துக்கொண்டேன். கூர்ந்து பார்க்கிறவனுக்கு உலகத்தில் மறைவானது எதுவும் இல்லை, சாமி. என் வாழ்க்கையை நான் அப்படித்தான் நடத்தி வந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற பெந்தெகொஸ்தே திருநாளில் ரத்மீர் பிரபுவின் கல்லறையைத் திறக்கப்போகிறார்களாம். அவரைப் புனிதர் என்று ஆயர் அறிவிக்கப்போகிறாராம். அதற்காக அவருடைய வாழ்க்கையை நீங்கள் எழுதுகிறீர்கள். என் மனைவி தொப்ரவா, அந்தக் கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு, கோயிலை ஒட்டிய குடிசையில் தனியே கிடக்கிறாள். அவர் உடல் ஊருக்கு வந்த நாளில் போனவள். ஒருமுறை வேலியோரம் நின்று, "வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவர் புனிதர் இல்லை என்று ஆயர் வாயால் வரட்டும். அன்றைக்கே வந்து உங்க கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றுகிறேன்." கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே? ஆகவே நான் சொல்வதை நீங்கள் ஒழுங்காக எழுத வேண்டும். ஆயர் படிப்பார், உண்மையை அறிவார், என் வீட்டு அடுப்பு மறுபடியும் எரியும்.

தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

ரத்மீர் பிரபுவின் தகப்பனார் இறக்கும் தறுவாயில் நாட்டை மகன்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். மூத்தவர் ஒலேக் பிரபுவுக்கு ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய நகரம். இளையவர் ரத்மீருக்கு எங்கள் பெரெஸ்தோவ். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் குதிரைக் கொள்ளைக்காரர்கள். இப்படிப்பட்ட இடத்தைக் கொடுத்தால் எந்தத் தம்பியும் முகத்தைச் சுளிப்பான். இவரோ வந்து இறங்கிய அன்றே சிரித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன். குறைந்த பங்கை வாங்கிக்கொண்டு சிரிக்கிறவன் வேறெதையோ கணக்கில் வைத்திருக்கிறான்.

முதல் விருந்து. தேன்மது நிரப்பிய பெரிய கிண்ணத்தைப் பிரபு தொட்டுத் தொடங்கிவைக்க, அது படைத்தோழர்களிடையே பதவி வரிசைப்படி சுற்றி வர வேண்டும், அதுவே வழக்கம். அவர் என்ன செய்தார்? கதவோரம் நின்றிருந்த குதிரைக்காரனை அழைத்து, "வழியெல்லாம் நனைந்து வந்தவன் நீதானே, முதலில் நீ குடி" என்று கிண்ணத்தை அவனிடம் நீட்டினார். எல்லாரும் மெய்சிலிர்த்தார்கள். நான் சிலிர்க்கவில்லை. குதிரைக்காரனின் மனத்தை ஒரு பிரபு ஏன் குளிரவைக்க வேண்டும்? அவசரத்தில் குதிரைக்குச் சேணம் பூட்ட ஓர் ஆள் வேண்டியவன்தான் அப்படிச் செய்வான். என்றைக்கோ ஒருநாள் ஓட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன்?

கிடங்குக்கு அவரே வருவார். ஆள் அனுப்ப மாட்டார். வாசல்படிக்கு வெளியிலேயே நின்று, "நெஷ்தன், கொஞ்சம் மாவு கிடைக்குமா?" என்பார். கிடைக்குமா! கிடங்கு அவருடையது, மாவு அவருடையது, நானே அவருடையவன். தன் பொருளைத் தானே கெஞ்சி வாங்குகிறவனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? அது தன்னுடையது அல்ல என்று உள்ளுக்குள் அறிந்தவன் மட்டுமே அப்படிக் கேட்பான். அப்படியானால் அவர் தன்னுடையது என்று எதை நினைத்திருந்தார்? அண்ணனின் நகரத்தை. இதை நான் ஒரே நாளில் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது.

மாவு எங்கே போகிறது என்று பார்க்க ஒருமுறை பின்தொடர்ந்தேன். தாழ்வூருக்குப் போனார், ஆற்றங்கரைச் சேரியில், உடம்பெல்லாம் புண்ணாகி ஊர் ஒதுக்கிய ஒரு கிழவனின் குடிசைக்குள் நுழைந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் சட்டையின் கை முழங்கைவரை நனைந்திருந்தது. தண்ணீருக்குள் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் போனதும் உள்ளே புகுந்து தேடினேன். ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீர், கட்டுத் துணிகள். கிழவன் கால்களை நீட்டிப் படுத்திருந்தான். "என்னய்யா தேடுறே?" என்றான். "பிரபு இங்கே என்ன வைத்துவிட்டுப் போனார்?" என்றேன். "என் காலைக் கழுவிவிட்டார். வேண்டுமானால் அந்தத் தண்ணியை எடுத்துக்கொண்டு போ" என்று சிரித்தான். தொட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன், சாமி. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் என்னை உறுத்தியது. அவ்வளவு சாமர்த்தியமாக மறைக்க எவ்வளவு பழக்கம் வேண்டும்!

அந்தக் கிழவனும் பிறகு செத்துப்போனான். அவனுக்குப் புண் ஆறியது என்று படகோட்டி உங்களிடம் சொல்லியிருப்பான். எழுதியிருப்பீர்கள். அழித்துவிடுங்கள். ஆறவில்லை. செத்த அன்று பார்த்தேன். ஆனால் முகம் மட்டும் நன்றாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன், நான் நேர்மையானவன்.

அடுத்து அந்தப் புல்வெளிக்காரன். கோடையில் வந்த கொள்ளைக்காரர்களைத் துரத்தியபோது நம் ஆட்கள் ஒருவனைச் சிறைபிடித்தார்கள். அவன் அம்பு பிரபுவின் தோழர் ஒருவரின் கழுத்தில் பாய்ந்திருந்தது. மறுநாள் தூக்கிலிடுவதென்று பேச்சு. பிரபு அவனை உட்காரவைத்து, அவனும் இவரும் மொழி தெரியாமல் கையையும் விரலையும் ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார்கள். அவன் தன் மார்புயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினான், பிறகு இடுப்புயரம், பிறகு முழங்கால் உயரம். பிரபுவின் கண் கலங்கியது. காலையில் அவனுக்குக் குதிரை கொடுத்து அனுப்பிவிட்டார். "அவனுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கிறார்களாம்" என்று தோழர்களிடம் சொன்னார். பிள்ளைகளாம்! உயரம் காட்டினால் பிள்ளைகள் என்றுதானா பொருள்? கோட்டைச் சுவரின் உயரமாக இருக்கக் கூடாதா? ஏணிகளின் உயரமாக இருக்கக் கூடாதா? இதைச் சொன்னபோது தொப்ரவா சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முழங்கால் உயரத்துக்கு ஏணி போட்டு ஏறுகிறவனா? அவன் கோட்டையைப் பிடிக்க வரவில்லை, நம்ம கோழிக்கூண்டைப் பிடிக்க வந்திருக்கிறான்" என்றாள். சிரிக்கத் தெரிந்தவள்தான் அவள். நல்ல பெண்மணி. ஆராய்ச்சி மட்டும் போதாது.

அதன்பின் அந்தப் புல்வெளிக்காரர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை என்பது உண்மை. உடன்பாடு இல்லாமல் இது எப்படி நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேனாவை நன்றாகத் தோய்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நோன்பு தொடங்குமுன் வருகிற ஞாயிறு உங்களுக்குத் தெரியாததல்ல. வெண்ணெய் வாரத்துப் பணியாரமெல்லாம் தின்று முடித்த பிறகு, ஆளுக்கு ஆள் தலைவணங்கி, "என்னை மன்னித்துவிடு" என்கிறோம். "கடவுள் மன்னிப்பார்" என்று பதில் சொல்கிறோம். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வார்கள். நானும் சொல்வேன். பல்லுக்கிடையில் ஒட்டிய பணியாரத்தை நாக்கால் துழாவிக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போவேன். யாரும் அதற்குமேல் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு பிரபு கிடங்குக்கு வந்தார். மாவு சிந்திய தரையில், பட்டாடையோடு, என் முன்னால் மண்டியிட்டார். நெற்றி தரையில் பட்டது. நிமிர்ந்தபோது நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது, கண்ணில் நீர். "நெஷ்தன், உனக்கு நான் தீங்கு செய்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு" என்றார்.

வேறு எவனாக இருந்தாலும் பதற்றத்தில் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்லி முடித்திருப்பான். நான் கேட்டேன்: "என்ன தீங்கு, பிரபு?"

அவர் திகைத்துப்போனார். அந்த நாளில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லையே. சற்று யோசித்துவிட்டு, "நான் வரும்போதெல்லாம் நீ சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறாய். ஒரு மனிதனை இப்படி அஞ்சவைத்திருக்கிறேனே, என்னிடம் ஏதோ குறை இருக்கிறது" என்றார்.

இப்போது நீங்களே காதால் கேட்டீர்கள். "என்னிடம் ஏதோ குறை இருக்கிறது." தன் வாயால். நோன்புக்கு முந்தின புனித நாளில், மண்டியிட்டு, கண்ணீரோடு. குற்றம் இல்லாதவன் அழுவானா? நான் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்லவில்லை. இன்னதென்று தெரியாத குற்றத்தை மன்னிக்க நான் யார்? அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தொப்ரவாவிடம் சொன்னேன். "ஐயோ, அது இன்றைக்கு எல்லாரும் சொல்கிற சொல் அல்லவா? அடுத்த வீட்டுக்காரி காலையில் என்னிடம் வந்து சொன்னாள். அவள் என் கோழியைத் திருடிவிட்டாள் என்று அர்த்தமா?" என்றாள்.

"கோழிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தாயா?" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "உங்களிடம் மண்டியிட்டாரே, அவரிடம் ஒரு வார்த்தை திரும்பச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.  அன்று அவள் சாப்பிடவில்லை. பெண்களுக்கு எது எப்போது உறைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நோன்புக் காலத்தில்தான் ஒலேக் பிரபுவின் ஆள் சுதிஸ்லாவ் மெழுகு வாங்க எங்கள் ஊருக்கு வந்தான். கிடங்கில் என்னோடு உட்கார்ந்தான். பண்பான மனிதன். நான் பேசப் பேசக் குறுக்கிடாமல் கேட்டான், தலையை ஆட்டினான், "மேலே சொல்லுங்கள், நெஷ்தன்" என்றான். என் வாழ்நாளில் என் ஆராய்ச்சியை முழுவதுமாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். குதிரைக்காரன், தாழ்வூர்த் தொட்டி, புல்வெளிக்காரன் காட்டிய உயரங்கள், மாவுத் தரையில் அழுதுகொண்டு ஒப்புக்கொண்ட குற்றம், எல்லாவற்றையும் ஒழுங்குபட எடுத்துரைத்தேன். "தம்பி அண்ணன்மேல் பாயப்போகிறார் என்கிறீர்கள்" என்றான். "நான் அப்படிச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னேன்" என்றேன். "அதுவே போதும்" என்றான்.

ஈஸ்டர் முடிந்தது. ஒலேக் பிரபுவிடமிருந்து அழைப்பு வந்தது: சகோதரர் இருவரும் ஆற்றோரத்தில் சந்தித்து, சிலுவையை முத்தமிட்டு, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். தோழர்கள் முற்றத்தில் கூடிக் கத்தினார்கள். "போகாதீர்கள், பிரபு! உங்கள் அண்ணன் அங்கே ஆட்களைக் குவித்துவைத்திருக்கிறார்!" ஒருவன், "நாமே முதலில் அடிப்போம்" என்று வாளையே உருவிவிட்டான். பிரபு அவன் கையைப் பிடித்து வாளை உறைக்குள் தள்ளினார். "அப்பா இருந்தபோது என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆற்றைக் கடந்தவர் அவர். அவர்மேல் வாளெடுத்து நான் எதை ஆளப்போகிறேன்?" என்றார். இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு படகேறினார்.

இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? கண்ணிக்குள் தெரிந்தே கால் வைக்கிறவன் உலகத்தில் உண்டா? உள்ளே ஏதோ ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார் என்றுதான் நான் உறுதியாக எண்ணினேன். அந்த ஏற்பாடு பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

கூடாரத்தில் பிரபு வழிபாட்டில் இருந்தபோது அண்ணனின் ஆட்கள் உள்ளே புகுந்தார்களாம். உடன்போன இருவரில் ஒருவன் உயிரோடு வந்து சொன்னது இது. பிரபு அவர்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார். எழுந்து, தன் மென்மயிர் மேலங்கியைக் கழற்றி மடித்து, வந்தவர்களில் இளைத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் கொடுத்து, "இதில் இரத்தம் பட்டால் பாழாகிவிடும். நீ போட்டுக்கொள், குளிர்கிறதே உனக்கு" என்றாராம். ஊர் முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி அழுகிறது. நான் கேட்கிறேன்: உயிர் போகும் நேரத்தில் கொலையாளிக்கு விலையுயர்ந்த அங்கியைக் கொடுப்பதற்கு என்ன பெயர்? லஞ்சம், சாமி. வேறென்ன பெயர்?

அந்த ஆள் வாங்கிக்கொள்ளவில்லையாம். ஓடிப்போய்விட்டானாம். மற்றவர்கள்தான் முடித்தார்கள். ஓடிப்போனவன் இப்போது எங்கோ ஒரு மடத்தில் விறகு வெட்டுகிறான் என்று கேள்வி. அவனையும் விசாரியுங்கள்.

உடல் படகில் வந்தது. தொப்ரவாதான் கழுவினாள். கழுவிவிட்டு ஈரக்கையோடு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று கேட்டாள்: "சுதிஸ்லாவிடம் என்ன சொன்னீங்க?" "கண்டதைச் சொன்னேன்" என்றேன். தன் நூல் நூற்கும் தக்களியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கும் வாதிட வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

ஒலேக் பிரபு பெரெஸ்தோவையும் சேர்த்து ஆண்டார். எனக்கு நரித்தோல் அங்கி ஒன்று அனுப்பி, "வாயைத் திறக்காதே" என்று சொல்லி அனுப்பினார். நான் திறக்கவில்லை. செய்தி சொன்னவன் யாரென்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. சுதிஸ்லாவும் போய்ச் சேர்ந்தான். ஒலேக் பிரபு கடைசிக் காலத்தில் தூக்கமின்றி, தண்ணீரைக் கண்டாலே, "தம்பியைத் தோளில் ஏற்றுங்கள், நனைந்துவிடுவான்" என்று கூவிக்கொண்டிருந்து இறந்தார். இப்போது அவர் மகன் ஆள்கிறார். சித்தப்பாவைப் புனிதராக்க ஆசைப்படுகிறார். தகப்பன் செய்ததைக் கழுவ மகன் தேடிய வழி இது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றுகிறது.

சொல்லி முடித்துவிட்டேன். ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்?

என்ன? தொப்ரவா உங்களிடம் பேசினாளா? என்னிடம் வருவதற்கு முன்பே அவளிடம் போயிருக்கிறீர்களே! சரி, சொல்லுங்கள். என்ன சொன்னாள்?

"மாளிகை ஆள் ஒருவன் செய்தி கொண்டுபோனான்" என்று மட்டுமா? ஒருவனா? பெயர் சொல்லவில்லையா?

காலில் விழுந்தாளா... எதற்கு? பெயரைக் கேட்டும் சொல்லாமல், நீங்கள் வேறெங்காவது கேட்டு அறிந்தாலும் எழுதக்கூடாது என்றா?

சாமி, சற்று நிறுத்துங்கள். என் காதில் விழுந்தது. மறுபடியும் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தில் என் பெயர் இல்லையென்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாளா? கல்லறை திறந்தாலும், அவரைப் புனிதர் என்று அறிவித்தாலும்? பெயர் ஏறிவிட்டால் மட்டும், நோன்புதோறும் ஊர் முழுவதும் கோயிலில் அதைப் படிக்கக் கேட்ட பிறகு, அவளால் இந்தப் படியில் கால் வைக்க முடியாதாம். அவ்வளவுதானா? நானும் ஒன்றும் சொல்லாமல், நீங்களும் ஒன்றும் எழுதாமல் இருந்தால் போதுமா?

உங்களோடுதான் வந்திருக்கிறாளா? வெளியிலா நிற்கிறாள்?

ஆமாம். அந்தச் சால்வை அவளுடையதுதான். முதுகு வளைந்துவிட்டது. சேற்றில் ஏன் நிற்கிறாள், வேலிக்கு இந்தப் பக்கம் பலகை கிடக்கிறதே.

இருங்கள், எழாதீர்கள். கூப்பிட வேண்டாம். எனக்கு யோசிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் வராதவள் இன்றைக்கு ஏன் வருகிறாள்? அவளுக்கு இதில் என்ன? பெயரை ஏன் மறைக்க வேண்டும்? மறைக்கிறவர்களிடம் காரணம் இருக்கும், சாமி. என் வாழ்நாள் முழுவதும் நான் கண்ட உண்மை இது. ஊரில் கூர்ந்து பார்த்தவன் நான் ஒருவன். கண்டதை உரியவரிடம் உரிய நேரத்தில் சொன்னவன் நான் ஒருவன். அதைச் செய்தது "மாளிகை ஆள் ஒருவன்" என்று எழுதிவிட்டால், நாளைக்கு அந்தக் குதிரைக்காரன் பேரன் வந்து, எங்கள் தாத்தாதான் அது என்பான். என்னை அவர் வாழ்க்கையிலிருந்தே துடைத்தெடுக்கப் பார்க்கிறாள். அழுது, காலில் விழுந்து, கெஞ்சி. அவரிடம் கற்ற வித்தை.

வாய்மொழியாகச் சொன்னது போதாது. எழுதுங்கள். குஸ்மாவின் மகன் நெஷ்தன். பெரெஸ்தோவ் மாளிகையின் கிடங்குத் தலைவன். எல்லாவற்றையும் முதலில் அறிந்தவன். ஒலேக் பிரபுவுக்கு அறிவித்தவன். ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? பேனா உலர்ந்துபோகிறது. அவள் எங்கும் போய்விட மாட்டாள். இத்தனை ஆண்டுகள் நான் காத்திருக்கவில்லையா? சற்று நிற்கட்டும். நீங்கள் முதலில் என் பெயரை எழுதுங்கள்.